டேப்பில் உள்ள ஆர்மோனியம் இறங்காது

சுருதி பிசகாமல் பாடிய ஒரு பெண்ணைச் சுருதி இல்லாதவர் என்று ஓர் ஊரே நம்பும்படி செய்தவன் நான். பிசகு அவர் தொண்டையில் இல்லை, என் கருவியில்தான் இருந்தது என்பது நான்காம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு இரண்டு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எளிது.

எங்கள் பக்கத்து ஒலி, ஒளி அமைப்பாளர் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "வூட்லயே பாட்டு மிக்ஸ் பண்றோம் சார். கிளாரிட்டி வந்தா டெப்த் போயிடுது, டெப்த் வந்தா லவுட்னஸ் போயிடுது. மூணும் ஒண்ணா வர்றதுக்கு அந்தக் காலத்துல என்னா பண்ணீங்க?" என்றார்கள். அவர்களிடம் இருப்பது ஒரு கணினி, காதில் மாட்டிக்கொள்ள ஒன்று. எண்பதுகளில் என் வீட்டில் இருந்த சாமான்களின் பட்டியலைச் சொன்னால் பழைய இரும்பு வாங்குகிறவர்கூட எடுக்க யோசிப்பார். ஆனாலும் நானே ஒப்புக்கொள்ளும்படி மூன்றும் ஒன்றாக வந்த பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. வாழ்நாளில் ஒன்றே ஒன்று. அது வந்த கதைதான் இது.

இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் ரேடியோ பழுது பார்க்கக் கற்றேன். காத்திருந்தது வராததால் கற்றது தொழிலாகிவிட்டது. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்த அஜீஸ் பாய்க்கு, உள்ளூர்க்காரர்கள் பாடும் சாமி பாட்டுகளைப் பதிந்து தானே கேசட் போடவேண்டும் என்று ஆசை வந்தது. அவர் கண்ணில் பட்ட பட்டதாரி நான். பதிவு கடத்தூரில் என் வீட்டில், தீர்ப்பு தருமபுரியில் அவர் கடையில் என்று ஏற்பாடு.

தீர்ப்பு என்றுதான் சொல்லவேண்டும். பாய் பாட்டை ரசித்து நான் பார்த்ததில்லை. சோதனை செய்வார். முதல் சோதனை கிளாரிட்டிக்கு. எதிர் டீக்கடையை நோக்கிப் பெட்டியைத் திருப்பி வைத்துப் பாட்டைப் போடுவார். டீ மாஸ்டருக்கு ஒரு காது மந்தம். அந்தக் காதை எங்கள் பக்கம் திருப்பி நிற்கச் சொல்லிவிட்டு, "மாஸ்டர், இப்ப என்னா பாடுனாங்க?" என்று கேட்பார். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே அந்த வரியைத் திருப்பிச் சொன்னால் கிளாரிட்டி இருக்கிறது. "நல்ல காதை வச்சுக் கேக்கலாமே பாய்?" என்று ஒருநாள் கேட்டேன். "நல்ல காதுக்கு எல்லாமே நல்லாத்தான் சார் கேக்கும்" என்றார்.

இரண்டாவது சோதனை டெப்த்துக்கு. ஸ்பீக்கர் பெட்டியின் தலையில் ஒரு தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்துவார். தபேலாவின் அடியில் அது குப்புற விழவேண்டும். விழாவிட்டால் பாட்டில் ஆழம் இல்லை. சிவபெருமானே வந்து பாடினாலும் தீப்பெட்டி விழாமல் பாய் ஒப்புக்கொள்ளமாட்டார்.

மூன்றாவது லவுட்னஸ். இதற்கு ஒகேனக்கல் பஸ். டிரைவர் பாயின் சிநேகிதர். கேசட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் பாய் கடைசி வரிசையில் உட்கார்ந்து போவார். போகிற வழியில், பஸ் மேடேறி முக்குகிற இடத்தில், கடைசி வரிசையில் பாட்டு கேட்டால் பாஸ். பாஸ் என்றால் எனக்கும் சேர்த்து அருவிக்கரையில் வறுத்த மீன் வாங்கி வருவார். ஆகவே சாயங்காலம் கடை வாசலில் நின்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது தீர்ப்பை அல்ல, வாசனையை.

பாய் யாரையும் திட்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றி லுங்கி முனையால் துடைப்பார். "சார், படிச்சவரு நீங்க" என்று ஆரம்பித்து அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அதற்குப் பதில் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஒருமுறை சொன்னார்: "உங்க ஊருல கரண்டு ஒரு நெலையா நிக்காது சார். மிஷினுக்கு ஒரு ஸ்டெபிலைசர் போட்டுக்கங்க."

"அது சும்மா கடைக்காரங்க சொல்றது பாய். பவர் சப்ளை நானே டிசைன் பண்ணது. அதுக்குத் தேவையில்ல."

"படிச்சவரு நீங்க" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

என் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. சுவர் நெடுக இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து, மேலே சாக்குப்பைகளை ஆணியடித்திருந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நெல் மண்டி மாதிரி இருக்கும். நடுவில் நான் கட்டிய இரண்டு டேப் மிஷின்கள், பலகைப் பெட்டியில் நான் கட்டிய மிக்சர். காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்றுதான், அது எனக்கு. பதிவு நடக்கும் வேளையில் குக்கர் வைக்கக்கூடாது என்பது சட்டம். என் மனைவி சரோஜா அந்தச் சட்டத்தை ஒருமுறை மீறியதில், முருகன் பாட்டு ஒன்றின் இரண்டாம் சரணத்தில் மூன்று விசில் பதிந்துவிட்டது. பாய் கடையில் டீ மாஸ்டர் அதையும் எண்ணிச் சொன்னார். கிளாரிட்டி பாஸ்.

டெப்த்துக்கு என்னிடம் தனி வழி இருந்தது. எங்கள் பக்கம் மழை எப்படி என்று சொல்லவேண்டியதில்லை. கொல்லையில் இருந்த கிணறு வறண்டு நாளாகியிருந்தது. அதற்குள் ஒரு ஸ்பீக்கரைக் கயிற்றில் இறக்கி, பாதி ஆழத்தில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டேன். பதிந்த குரலைக் கிணற்றுக்குள் பாடவிட்டு, அங்கே எழும் எதிரொலியை மேலே கொண்டுவந்து குரலோடு கலந்தால், கோபுர வாசலில் நின்று பாடுவது போல ஒரு கார்வை வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கிணற்றடியில் கற்பூரம் ஏற்றிவைத்துவிட்டுப் போனார்கள். நான் தடுக்கவில்லை. அதுவரை யாரும் என் இயற்பியலுக்குக் கற்பூரம் ஏற்றியதில்லை.

இப்படி இருக்கும்போது ஈஸ்டர் நோன்பான தவக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், கடத்தூருக்கு மேற்கே உள்ள ஒரு கிறிஸ்தவ ஊரிலிருந்து, ஜெபமும் வேதமும் சொல்லித்தரும் உபதேசியார் அருளப்பன் வந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். எழுதினால் அவர் பேரன்மார் சந்தையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். கோயிலில் ஞாயிறு தவறாமல் ஆர்மோனியம் வாசிப்பவர் அவர். இயேசு பட்ட பாடுகளின் பாட்டுகளைக் கேசட்டாகப் போடவேண்டும், அதில் கடைசியாக மாதா புலம்பல் வரவேண்டும் என்றார். கழுத்தில் மடிப்புக் கலையாத துண்டு. பேசும்போதும் வலதுகை விரல்கள் முழங்காலில் கட்டை அழுத்திக்கொண்டிருக்கும்.

புலம்பலைப் பாடுகிறவர் லூர்தம்மா. நாற்பது வயதிருக்கும். புளி மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை. பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயிலில் மணி அடிக்கமாட்டார்கள். வாத்தியம் எதுவும் வாசிக்கக்கூடாது. கட்டையைத் தட்டி ஜனங்களைக் கூப்பிடுவார்கள். இயேசு சிலையான சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதா மடியில் கிடத்தும்போது, மகனைப் பார்த்து மாதா அழுகிற அந்தப் புலம்பலை லூர்தம்மா தனிக்குரலில், எந்தத் துணையும் இல்லாமல் பாடவேண்டும். பன்னிரண்டு அடி. பதினைந்து ஆண்டாக அவர்தான். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் மண்டியில் "ஏய் லூர்து" என்று கூப்பிடுகிறவர்கள், அந்த ஒரு நாள் அவர் வாயைப் பார்த்து அழுவார்கள். அவருக்கு இருந்த சொத்து அந்த ஒரு நாள்தான். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது, அவர் வாசலில் செருப்பை விட்ட இடத்திலேயே தயங்கி நின்றது மட்டும்.

கேசட் என்றால் மியூசிக் வேண்டும் என்று உபதேசியார் முடிவு செய்திருந்தார். முதல்நாள் புலம்பலுக்கான ஆர்மோனியத்தை மட்டும் வாசித்துப் பதிந்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் லூர்தம்மாவோடு வந்தார்.

வேலை நடக்கும் விதம் இது. ஆர்மோனியம் பதிந்த டேப்பை முதல் மிஷினில் ஓடவிடுவேன். பாடுகிறவர் அதைக் கேட்டுக்கொண்டே பாடுவார். இரண்டையும் மிக்சரில் கலந்து இரண்டாவது மிஷினில் பதிவேன். ஹெட்போன் என் காதில் இருப்பதால், பாடுகிறவருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர். அதன் சத்தம் மைக்குக்குள் போய்விடக்கூடாது என்று அதை முணுமுணுப்பாக வைத்திருப்பேன். லூர்தம்மாவுக்கு அந்த முணுமுணுப்பு பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அவருக்கு அது தேவையாகவும் இல்லை. தொடக்கத்தில் ஒருமுறை சுருதியைக் காதில் வாங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

ஐந்தாம் அடியில் அறை விளக்கு மங்கியது. "மோட்டார் கரண்டு வந்துடுச்சு போலருக்கு" என்று உபதேசியார் கிசுகிசுத்தார். விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் விடுகிற நேரம். கடத்தூரைச் சுற்றியிருந்த கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தால் எங்கள் விளக்கு அழுது வடியும். நான் விளக்கைப் பார்த்தேன். மிஷினைப் பார்க்கவில்லை. அதன் மேல்தான் எனக்கு அவ்வளவு நம்பிக்கை ஆயிற்றே.

ஏழாம் அடியிலிருந்து என் காதுக்குள் குரலும் ஆர்மோனியமும் விலகின. பத்தாம் அடியில் இரண்டும் வேறு வேறு ஊரில் இருந்தன. பாட்டு முடிந்ததும் லூர்தம்மா கண்ணைத் திறந்து, "சார், ஆர்மோனியம் எறங்குதுங்களே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்காமல் சிரித்தேன். "டேப்புல இருக்கற ஆர்மோனியம் எப்படிம்மா எறங்கும்? பி.எஸ்சி. படிச்சவன்கிட்டயே சொல்றியா?" என்றேன். உபதேசியாரும் சிரித்தார். பிறகு மிஷினை நிறுத்தினேன். மோட்டார்கள் ஓய்ந்து விளக்கு நிமிர்ந்ததும் பாட்டைத் திருப்பிப் போட்டோம், பன்னிரண்டாம் அடி வரைக்கும். ஆர்மோனியம் முதல்நாள் வாசித்த சுருதியில் துல்லியமாக நின்றது. லூர்தம்மாவின் குரல்தான் ஏறி, ஏறி, எங்கேயோ போயிற்று. கூடவே மெலிந்தும் இருந்தது. டெப்த் போதவில்லை என்று கிணற்றுக்குள் விட்டுப் பார்த்தேன். ஏறின குரல் இரண்டு மடங்காகக் கேட்டது.

"என் வாசிப்புல தப்பில்லீங்களே சார்?" என்றார் உபதேசியார்.

"உங்களது ரொம்பச் சரியா நிக்குதுங்க. அந்தம்மாவுக்குத்தான் சுருதி சேரல."

"பதினஞ்சு வருசமா சுருதி சேராத குரலையா கேட்டு அழுதோம்?" என்று உபதேசியார் கேட்டார். அதற்கு மிஷின் முன்பே பதில் சொல்லியிருந்தது. லூர்தம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். புளி தட்டிக் கறுத்த விரல்கள். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அதே பஸ்ஸில், அதே நேரத்துக்கு, உபதேசியாரின் தங்கை மகள் ஸ்டெல்லா வந்தாள். தருமபுரியில் படிக்கிற பெண். மாமாவின் ஆர்மோனியத்தோடு பாடியே பழக்கம். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, ஆர்மோனியம் போன இடத்துக்கெல்லாம் கூடவே போனாள். விளக்கு மங்கியது. பதிவைத் திருப்பிக் கேட்டால் குரலும் ஆர்மோனியமும் பாலும் சர்க்கரையுமாக இருந்தன. குரல் மட்டும் குழந்தைக் குரல் மாதிரி மெல்லிசாக வந்திருந்தது. "குயிலு!" என்றார் உபதேசியார். தபேலா வரும் மற்றப் பாட்டுகளையும் சேர்த்துப் போட்டதில் பாய் கடையில் மூன்று சோதனையும் பாஸ். மீன் வந்தது. தின்றேன்.

நான்காம் நாள், லூர்தம்மாவின் டேப்பை அழித்து வேறு பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று போட்டேன். பாட்டு முடிந்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்தது. "சார், ஆர்மோனியம் எறங்குதுங்களே" என்று ஒரு சிறுமி சொன்னாள். அதையடுத்து ஒரு சுண்டெலி கீச்சுகீச்சென்று சிரித்தது. பி.எஸ்சி. படித்த சுண்டெலி.

என் குரல் கனமான குரல். மைக் சோதனைக்கு நான் "ஹலோ" சொன்னாலே தீப்பெட்டி விழும். அது எப்படிச் சுண்டெலியாயிற்று என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மின்சாரம் குறைந்தபோது என் இரண்டு மிஷின்களும் மெதுவாக ஓடியிருக்கின்றன. மெதுவாக ஓடும் டேப்பில் பதிந்த குரலைப் பிறகு சரியான வேகத்தில் கேட்டால் அது ஏறித்தான் கேட்கும். ஆர்மோனியம் முதல் மிஷினில் இறங்கியது, இரண்டாவது மிஷின் அதை அதே அளவு ஏற்றிவிட்டது, கூட்டிக் கழித்துச் சரியாகிவிட்டது. லூர்தம்மா இறங்கவே இல்லை. நின்ற இடத்தில் நின்றார். அதனால் அவரை மட்டும் என் மிஷின் ஏற்றிவிட்டது. ஸ்டெல்லா ஆர்மோனியத்தோடு கூடவே இறங்கியதால் தப்பித்துக்கொண்டாள். அறையில் இருந்த எல்லாமும் வழுக்கியபோது வழுக்காமல் நின்றது ஒரு தொண்டைதான். அதற்குத்தான் நான் சுருதி இல்லை என்று சான்று கொடுத்திருந்தேன்.

அன்றே பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கேசட்டுக்கு உறைகூட அச்சாகவில்லை. சொல்லவில்லை. சொன்னால் நான் கட்டிய மிஷின் சரியில்லை என்று ஆகும், இதுவரை போட்ட கேசட்டெல்லாம் என்னவாயிற்று என்று கேட்பார்கள், பாய் கண்ணாடியைக் கழற்றுவார். அடுத்த வாரம் சத்தமில்லாமல் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மேசைக்கடியில் வைத்தேன். சரோஜா "இது என்னாத்துக்குங்க, புதுசா?" என்றபோது, "சும்மா, பாதுகாப்புக்கு" என்றேன். யாருக்குப் பாதுகாப்பு என்று அவள் கேட்கவில்லை. டேப்பை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. மேலே பதியக்கூடாது என்று ஒரு துண்டுச்சீட்டு ஒட்டி டிரங்குப் பெட்டியில் போட்டேன்.

அந்த ஆண்டு பெரிய வெள்ளிக்குக் கோயிலில் ஒலிபெருக்கி என் பொறுப்பு. லூர்தம்மாவைப் பாட விடவில்லை. ஸ்டெல்லாவுக்கு ஆர்மோனியம் இல்லாமல் சுருதி இரண்டு அடிகூட நிற்கவில்லை. உபதேசியார் ஒரு வழி கண்டுபிடித்தார், கேசட்டையே போட்டுவிடலாம் என்று.

"பெரிய வெள்ளிக்கு வாத்தியம் கூடாதுன்னு சொல்வீங்களே?" என்றேன்.

"ஆர்மோனியம் கோயிலுக்குள்ள இல்லீங்களே சார். கேசட்டுக்குள்ளதானே இருக்குது."

போட்டோம். பாதியில் மோட்டார் கரண்டு வந்துவிட்டது. பாட்டு மெல்ல மெல்ல இறங்கி, கடைசி அடியில் மாதா ஏறக்குறைய ஆண் குரலில் அழுதாள். நான் வேர்த்துப்போய் நின்றேன். உபதேசியார் என் தோளைத் தொட்டு, "இதுதான் சார் டெப்த்து" என்றார். பெண்கள் வரிசையின் கடைசியில் லூர்தம்மா முக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் அது இறங்குகிறது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அதற்கடுத்த ஆண்டும் கேசட்தான் அழுதது. அது முடிந்து சில மாதம் கழித்துக் கடத்தூர் சந்தையில் லூர்தம்மா என்னைப் பார்த்துவிட்டார். ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். உங்க மிஷினுல பாத்தா என் தொண்டையில எந்த எடத்துல தப்புன்னு தெரியுமாங்க?"

"எதுக்கும்மா?"

"எடம் தெரிஞ்சா வைத்தியம் பாத்துக்குவேன். புளி ஆவாதுன்னு சொன்னாங்க. ரெண்டு வருசமா கொழம்புல புளி சேக்கறதில்ல. நாளெல்லாம் புளிக்குள்ளதான் உக்காந்திருக்கேன், நாக்குல ஒண்ணு படவுடறதில்ல. மோரும் வுட்டுட்டேன். அப்பவும் நாலு அடி வாய்வுட்டுப் பாடறதுக்கு பயமா இருக்குதுங்க. ஏறிப் போயிருமோன்னு."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கவேண்டும். "தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்கம்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் மோசமானது இது. முதலில் சொன்னது அறியாமல் சொன்னது. இது அறிந்தே சொன்னது. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் வளாகத்துப் புங்கமரத்தடியில் நின்று, எல்லாரையும் கொஞ்சம் இருக்கச் சொன்னேன். ஞானோபதேச வகுப்பின் கரும்பலகையை இழுத்துப் போட்டு இரண்டு மிஷின்களை வரைந்தேன். வோல்டேஜ், மோட்டார், டேப்பின் வேகம், அதிர்வெண் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பிசகு என்னுடையது என்று மூன்று முறை சொன்னேன். கேட்டவர்களின் முகத்தில் கோயிலில் புரியாத லத்தீன் பூசை கேட்ட தலைமுறையின் பொறுமை இருந்தது. முடித்ததும் உபதேசியார் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"சாரோட பெரிய மனச பாருங்க. நம்ம ஊர் பொம்பள மனசு நோவக்கூடாதுன்னு பழியத் தன் தலமேல தூக்கிப் போட்டுக்கறாரு. யாருக்குய்யா வரும்?"

கை தட்டினார்கள். அவர் தன் தோளில் இருந்த மடிப்புக் கலையாத துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார். பாவமன்னிப்புக் கேட்கப் போய்ப் பொன்னாடையோடு திரும்பிய ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் லூர்தம்மா நின்றிருந்தார்.

"நீங்க சொன்னது எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு ஆர்மோனியம் எறங்குதுன்னு நான் சொன்னேன். எறங்குச்சா, எறங்கலயா?"

"எறங்குச்சும்மா."

"நான்?"

"நீங்க எறங்கல. ஏறவும் இல்ல. நின்ன எடத்துலயே நின்னீங்க. உங்க தொண்டையில ஒண்ணுமில்ல. சந்தையில கேட்டப்பவும் எனக்குத் தெரியும்."

என்னைப் பார்த்தார். என் தோளில் கிடந்த துண்டையும் பார்த்தார். "இதச் சொல்றதுக்கு என்னாத்துக்கு சார் போர்டு?" என்றார்.

மறுநாள் தருமபுரிக்குப் போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றுவார் என்று காத்திருந்தேன், கழற்றவில்லை. "அந்தம்மா சொன்னது டேப்புல இருக்குதா?" என்றார். இருக்கிறது என்றேன். போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டார். சிரிக்கவில்லை. "சார், உங்க கணக்கெல்லாம் எனக்கே புரியல, அவங்களுக்கு எப்படிப் புரியும்? இது புரியும். இதப் போடுங்க" என்றார். "இதுல என் சிரிப்பு இருக்கு பாய்." "அதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த ஞாயிறு, இரண்டு குழாய் ஸ்பீக்கர்களையும் பேட்டரியில் ஓடும் மிஷின் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பாயே கூட வந்தார். கரும்பலகை இல்லை. பேச்சு இல்லை. ஸ்பீக்கர்களைப் புங்கமரத்தில் கட்டி, புலம்பலின் கடைசி அடியிலிருந்து போட்டேன். குரல் விலகி ஏறி நின்றது. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு மரத்தின் உச்சியிலிருந்து ஊருக்கே கேட்கும்படி வந்தது:

"சார், ஆர்மோனியம் எறங்குதுங்களே."

கீச்சுகீச்சென்று சிரிப்பு. "டேப்புல இருக்கற ஆர்மோனியம் எப்படிம்மா எறங்கும்? பி.எஸ்சி. படிச்சவன்கிட்டயே சொல்றியா?"

டிராக்டர் ஓட்டுகிற சூசை என்பவர்தான் கேட்டார்: "யாருங்க அந்தப் பொடியன் சிரிக்கறது?"

"நான்தாங்க."

"நீங்களா? உங்க குரலு அண்டாக்குள்ள பேசற மாதிரியில்ல இருக்கும்? இது என்னா, வாலு மாட்டிக்கிட்ட சுண்டெலியாட்டம்?" அவர் வாய் அப்படியே நின்றது. "அட, மிஷினு சார் குரலையே இப்படி ஏத்திவுட்டிருக்குதுன்னா, லூர்தம்மா குரலையும் அதுதானே ஏத்திவுட்டிருக்கும்!"

அதற்குப் பிறகு ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு எல்லாரும். "இன்னொருக்கா போடுங்க சார்" என்றார்கள். ஆறு முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் என் சிரிப்பு கிளாரிட்டியோடு கேட்டது. எதிரே ஓட்டு வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியதில் டெப்த் வந்திருந்தது. லவுட்னஸுக்குக் குறைவே இல்லை, பக்கத்து ஊரில் மாடு மேய்த்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சங்கத்துப் பிள்ளைகள் கேட்ட மூன்றும் ஒன்றாக அமைந்த பதிவு அதுதான். அதில் மிக்சிங் என்று நான் எதுவும் செய்யவில்லை.

உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் ஆர்மோனியம்?" என்றார்.

"ஒரு மிஷின் எறக்குச்சு, ஒரு மிஷின் ஏத்துச்சு. அதான் சரியா இருந்துச்சுங்க."

அவர் முழங்காலில் விரல்கள் நின்றுபோயின. போன ஞாயிறு போர்த்திய துண்டை மடித்துக் கொண்டுபோயிருந்தேன், திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அவரே லூர்தம்மா வீட்டுக்குப் போய்ப் பாடக் கேட்டிருக்கிறார். உடனே சம்மதிக்கவில்லையாம். ஒரு நிபந்தனை, மைக் வைக்கக்கூடாது. அந்த நிபந்தனையால் எனக்கு அன்று கோயிலில் வேலை இல்லாமல் போயிற்று. கடைசித் தூணோரம் நின்றேன். கட்டை தட்டினார்கள். சுரூபத்தை இறக்கினார்கள். அவர் பாடினார். இரண்டு ஆண்டு பாடாத குரல், முதல் மூன்று அடி கரகரத்தது. நான் நின்ற இடத்தில் பாதிச் சொற்கள் கேட்கவில்லை. பாயின் டீ மாஸ்டர் இருந்திருந்தால் தோல்வி என்று சொல்லியிருப்பார். ஜனங்கள் கேட்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே போனார்கள். எட்டாம் அடியில் விளக்கு மங்கியது. அவர் குரல் நின்ற இடத்திலேயே நின்றது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஸ்டெல்லாவின் கேசட் பாய் கடையில் விற்றுக்கொண்டுதான் இருந்தது. "என்ன இருந்தாலும் கேசட்டுல வர்ற மாதிரி வராது" என்று சொன்ன வீடுகளும் அந்த ஊரில் இருந்தன. லூர்தம்மா அதற்குப் பிறகும் குழம்பில் புளி சேர்க்கவில்லை. பழகிவிட்டது என்றார்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு வாசலில் அவரிடம் போனேன். "இப்ப ஸ்டெபிலைசர் வச்சிருக்கேன்மா. ஒரே ஒருக்கா வந்து பாடுங்க. ஒழுங்கா பதிஞ்சு வச்சிடறேன்" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வேணாங்க சார். உங்ககிட்ட இருக்கறது போதும். அந்தச் சிரிப்ப மட்டும் அழிச்சுடாதீங்க."

அழிக்கவில்லை.